தோட்டாப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

வேட்டைத் தேர்வில் தேறி அட்டை கைக்கு வந்த மறு வாரமே கடைக்குப் போய் ஒரு ரைஃபிள் வாங்கிவிட்டேன். .243 வின்செஸ்டர். வால்நட் கட்டை, உதைப்புக் குறைவு, ஒருவர் பயன்படுத்தி விற்றது என்பதால் விலையும் சல்லிசு. கடைக்காரர் அட்டையைப் பார்த்தார், எண்ணைக் குறித்துக்கொண்டார், விற்றார். எதைச் சுடப்போகிறாய் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஜெர்மனியின் ஐஃபெல் மலைப்பக்கம் என்னைச் சேர்த்துக்கொண்ட பெரியவர் அந்த வேட்டை நிலத்தின் குத்தகைக்காரர். அவர் துப்பாக்கியைப் பார்க்கவே இல்லை. தோட்டாப் பெட்டியை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பெட்டியின் பக்கவாட்டில் இருந்த பொடி எண்களைப் படித்தார். "ரே மானுக்கு இது போதும். பன்றி வந்தால் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திரு" என்றார். அந்த நிலத்தில் வருவதில் முக்கால்வாசி பன்றிதான்.

சட்டம் தெரியாமல் போகவில்லை. தேர்வுக்கு மனப்பாடம் செய்து எழுதியதுதான். ஆனால் தேர்வில் எழுதியது கடையில் நினைவுக்கு வரவில்லை. உங்களுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

லண்டனில் மச்சானோ சித்தப்பாவோ துப்பாக்கி வைத்திருந்தால் அவர் அனுபவத்தை இங்கே கொண்டுவராதீர்கள். பிரிட்டனில் காவல்துறை தரும் சான்றிதழிலேயே இந்தத் துப்பாக்கி, இன்ன வேலைக்கு என்று நிபந்தனை எழுதியிருக்கும். ஊர் அனுபவமும் உதவாது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற சொல்லே வழக்கு என்ற சொல்லோடுதான் வருகிறது. உரிமம் உள்ளவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையையும் 2019-இல் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். ஜெர்மனியில் கதை தலைகீழ். அட்டை கிடைத்துவிட்டால் நீளத் துப்பாக்கி பத்து வாங்கினாலும் ஏன் என்று எவரும் கேட்பதில்லை. அட்டையில் எந்த விலங்கின் பெயரும் இருக்காது. எந்த விலங்கை எதனால் சுடலாம் என்பது வேறொரு சட்டத்தில், மில்லிமீட்டராகவும் ஜூலாகவும் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கைப் போட வேண்டியது நீங்கள்தான்.

அட்டைகள் இரண்டு

முதல் அட்டை யாக்ட்ஷைன், அதாவது வேட்டை உரிமம். 1 ஏப்ரல் தொடங்கி 31 மார்ச்சில் முடிவது வேட்டை ஆண்டு. ஓர் ஆண்டுக்கோ, அதிகபட்சம் மூன்று ஆண்டுக்கோ சேர்த்து வாங்கலாம். இதற்கான தேர்வைப் 'பச்சை ஆபிட்டூர்' என்று கேலியாகச் சொல்வார்கள். ஆபிட்டூர் என்பது நம் பிளஸ் டூ போன்றது. எழுத்து, வாய்மொழி, துப்பாக்கிச் சுடுதல் என மூன்று பகுதி. மாநிலத்துக்கு மாநிலம் சுடும் தேர்வு மாறும். தண்டவாளத்தில் ஓடும் பன்றிப் படம், பறக்கும் களிமண் தட்டு, நூறு மீட்டரில் நிற்கும் மான் படம் என்று ஏதோ ஒரு கலவை. சுடுவதில் தோற்றால் எழுத்தில் எடுத்த மதிப்பெண் காப்பாற்றாது.

நம்மவர்களை உண்மையில் படுத்துவது மொழி. வேட்டைக்காரர்களின் ஜெர்மன் தனி மொழி. அடிபட்ட விலங்கின் இரத்தத்தை அவர்கள் இரத்தம் என்று சொல்வதில்லை, 'வியர்வை' என்பார்கள். கண்களை 'விளக்குகள்' என்பார்கள். பன்றிக்குட்டி ஃப்ரிஷ்லிங், பெண் பன்றி பாஹெ, ஆண் கைலர். சலித்துக்கொள்ளாதீர்கள். பன்றியின் குட்டிக்குக் குருளை, பெண்ணுக்குப் பிணவு என்று தொல்காப்பியத்தின் மரபியலிலேயே பிரித்துவைத்த மொழிக்காரர்கள் நாம். நான் அப்படித்தான் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துப் படித்தேன்.

உரிமம் வாங்க வேட்டைப் பொறுப்புக் காப்பீடு கட்டாயம். சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் ஆள் சேதத்துக்கு 5 லட்சம் யூரோ, பொருள் சேதத்துக்கு 50 ஆயிரம் யூரோ. காப்பீட்டு நிறுவனங்கள் இதைவிடப் பெரிய தொகைக்கே தருகின்றன. அதையே வாங்குங்கள்.

இரண்டாவது அட்டை வாஃபன்பெசிட்ஸ்கார்ட்டெ, ஆயுத உடைமை அட்டை. பச்சை நிறம். வேட்டைக்காரருக்குச் சட்டம் தரும் சலுகை இங்கேதான் இருக்கிறது. யாக்ட்ஷைன் இருந்தால் ரைஃபிளையோ ஷாட்கன்னையோ முன் அனுமதி இல்லாமல் வாங்கலாம். வாங்கிய இரண்டு வாரத்துக்குள் மாவட்ட ஆயுத அலுவலகத்தில் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். நீளத் துப்பாக்கிக்கான தோட்டாவுக்கும் யாக்ட்ஷைன் போதும். கைத்துப்பாக்கி அப்படியில்லை. இரண்டு வரை தேவை என்ன என்று விளக்க வேண்டியதில்லை, ஆனால் வாங்குவதற்கு முன்பே அட்டையில் அனுமதி ஏற வேண்டும். நண்பரிடம் துப்பாக்கி இரவல் வாங்குவதென்றால் ஒரு மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். யார் யாருக்கு எப்போது கொடுத்தார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அதைக் கூடவே வைத்திருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது, ஜெர்மனியில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகளாவது குடியிருக்காதவருக்கு ஆயுத அனுமதியை மறுக்க அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. மறுத்தே தீர வேண்டும் என்றில்லை, மறுக்கலாம். வேலை அனுமதியில் வந்து இரண்டாம் ஆண்டிலேயே ஆயிரக்கணக்கான யூரோ கட்டிப் பயிற்சி வகுப்பில் சேர்வதற்கு முன் அலுவலகத்துக்கு ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள். இரண்டாவது, நம்பகத்தன்மைச் சோதனை. குற்றப் பதிவேடு, அரசு வழக்கறிஞர் அலுவலகம், உள்ளூர்க் காவல்துறை எல்லாவற்றிலும் விசாரிப்பார்கள். 2020 முதல் அரசியல் சாசனப் பாதுகாப்புத் துறையிடமும், அதாவது உள்நாட்டு உளவுத் துறையிடமும், கேட்கிறார்கள். இலங்கைத் தமிழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புலிகள் அமைப்பை ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் தடைப்பட்டியலில் சேர்த்தது. அந்த அமைப்புக்காகப் பணம் திரட்டியதாக அண்மைக் காலப் பதிவு ஏதும் இருந்தால் விண்ணப்பம் இங்கேயே நின்றுவிட வாய்ப்பு அதிகம்.

60 நாள் கணக்கு அபராதமும் இதே நம்பகத்தன்மைச் சோதனையில் வருகிறது. ஜெர்மன் நீதிமன்றம் அபராதத்தை வருமானத்தின் நாள் கணக்கில் விதிக்கும். வேண்டுமென்றே செய்த குற்றத்துக்கு அந்தக் கணக்கு 60 நாளைத் தொட்டுவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு உங்களை நம்பத் தகாதவராகவே எடுத்துக்கொள்வார்கள். வரி ஏய்ப்பு வழக்கானாலும் சரி, துப்பாக்கிக்கும் அதற்கும் ஒட்டு உறவு இல்லாவிட்டாலும் சரி. சோதனை ஒருமுறையோடு முடிவதும் இல்லை, மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது திரும்ப வரும்.

விலங்கும் தோட்டாவும்

ஜெர்மன் கூட்டாட்சி வேட்டைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவை அச்சடித்துத் துப்பாக்கிப் பெட்டகத்தின் கதவில் உள்பக்கமாக ஒட்டிவையுங்கள். நான் ஒட்டியிருக்கிறேன். அதில் வரும் முக்கியச் சொல் ஷாலன்வில்ட். பிளவுபட்ட குளம்புள்ள வேட்டை விலங்குகள் என்று பொருள். செம்மான், டாம் மான், சீக்கா மான், ரே மான், காட்டுச் செம்மறி, காட்டுப்பன்றி, ஆல்ப்ஸ் பக்கம் நம் வரையாட்டுக்குத் தூரத்து உறவான காம்ஸ் எல்லாம் இதில் அடக்கம்.

குளம்பு விலங்குகள் எதையும் ரவைத் தோட்டாவால் சுடக்கூடாது. ஷாட்கன்னிலிருந்து பறக்கும் சிறு ரவைகள் மானைக் கொல்லாது, புண்ணாக்கி ஓடவிடும். அம்பும் கூடாது. ஒற்றைக் குண்டு மட்டுமே. ஒற்றைக் குண்டிலும் இரண்டு படி வைத்திருக்கிறார்கள்.

ரே மான் சிறியது, நம் ஊர் வெள்ளாட்டுக் கிடா அளவு. அதற்குக் குழல் விட்டத்தில் கட்டுப்பாடு இல்லை. ஆனால் நூறு மீட்டர் தூரத்தில் குண்டிடம் குறைந்தது 1000 ஜூல் ஆற்றல் மிஞ்சியிருக்க வேண்டும். மற்றக் குளம்பு விலங்குகள் எல்லாவற்றுக்கும் குண்டின் விட்டம் 6.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, கூடவே நூறு மீட்டரில் 2000 ஜூல் இருக்க வேண்டும். 'கூடவே' என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் வேண்டும், ஒன்று இருந்தால் போதாது.

என் .243 விழுந்தது இங்கேதான். அதன் பெயரில் உள்ள எண் அங்குலம். மில்லிமீட்டருக்கு மாற்றினால் ஏறத்தாழ 6.2. நூறு மீட்டரில் நல்ல தோட்டாவாக இருந்தால் 2000 ஜூலைத் தாண்டிவிடும். விசை இருக்கிறது, விட்டம் இல்லை. மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கு குறைவு, பன்றி எனக்கு இல்லை. இதற்கு நேர் எதிரான கதை கலாஷ்னிக்கோவ் ரகத் தோட்டாவான 7.62×39. மலிவாகக் கிடைக்கிறது என்று சிலர் ஒற்றைச் சுடு ரைஃபிள்களில் வைத்திருக்கிறார்கள். விட்டம் தாராளமாகத் தேறும், ஆற்றலோ 1500 ஜூல் பக்கத்தில் நின்றுவிடும். ரே மானுக்குச் சரி, பன்றிக்குத் தப்பு. .223 ரெமிங்டனும் ரே மானோடு நின்றுகொள்ள வேண்டியது. .22 ஹார்னெட் அந்த 1000 ஜூலையே தொடாது. நரிக்குப் பயன்படும், மானுக்கு இல்லை.

ஒரே ரைஃபிளில் எல்லாவற்றையும் முடிக்க நினைப்பவருக்கு நான் சொல்வது .308 வின்செஸ்டர், .30-06, 8×57 இவற்றில் ஏதாவது ஒன்று. நூறு மீட்டரில் மூன்றுமே 2000 ஜூலை நிம்மதியாகத் தாண்டும், தோட்டாவும் எந்தக் கடையிலும் கிடைக்கும். 6.5×55, 6.5 கிரீட்மோர் இரண்டும் சட்டப்படி தேறும், உதைப்பும் மென்மை. பன்றி விரட்டும் கூட்டு வேட்டைக்கு அடிக்கடி போகிறவர்கள் 9.3×62 வைத்திருப்பார்கள். பெர்லின் துப்பாக்கிக் கொல்லர் ஓட்டோ போக் 1905-இல் ஆப்பிரிக்கக் குடியேற்றங்களுக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்து உண்டாக்கிய தோட்டா அது. இப்போது ஐரோப்பியப் பன்றிகளோடு வாழ்க்கையை ஓட்டிக்கொண்டிருக்கிறது. முதல் துப்பாக்கிக்கு வேண்டாம். தோள் பயந்துவிட்டால் விசையை அழுத்தும் விரலும் பயந்துவிடும்.

இனி அந்தப் பெட்டி. பக்கவாட்டில் ஒரு சிறு அட்டவணை அச்சிட்டிருக்கும். மேல்வரியில் தூரம், 0, 50, 100, 150, 200 என்று. கீழே ஒரு வரி வேகம், ஒரு வரி ஜூல். உங்கள் கண் நூறின் கீழே உள்ள ஜூலுக்கு மட்டும் போகட்டும். பூஜ்யத்தின் கீழே உள்ள எண் பெரிதாக இருக்கும். விளம்பரத்துக்கு அதைத்தான் எடுப்பார்கள், சட்டம் அதைக் கேட்கவில்லை. அட்டவணை எண்கள் நீண்ட சோதனைக் குழலில் அளந்தவை என்பதும் நினைவிருக்கட்டும். உங்கள் ரைஃபிளின் குழல் குட்டையானால் ஆற்றலும் கொஞ்சம் குறையும். 2000-ஐ ஒட்டி நிற்கும் தோட்டாவைக் குட்டைக் குழலில் போட்டுப் பன்றிக்குப் போகாதீர்கள்.

சைலன்சர் வாங்கியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2020 திருத்தத்துக்குப் பிறகு யாக்ட்ஷைன் உள்ளவர் வேட்டை ரைஃபிளுக்குச் சைலன்சர் வாங்கலாம், அதையும் அட்டையில் பதிய வேண்டும். காதுக்கு நல்லது, நாய்க்கும் நல்லது, நானே வைத்திருக்கிறேன். ஆனால் ஒலிவேகத்துக்குக் குறைந்த தோட்டாவைப் போட்டால் சத்தமே கேட்காது என்று ஆசை காட்டுவார்கள். கணக்கைப் பாருங்கள். 13 கிராம் குண்டு நொடிக்கு 320 மீட்டரில் குழலைவிட்டுக் கிளம்பினால் குழல் வாயிலேயே 665 ஜூல்தான். நூறு மீட்டரில் இன்னும் குறைவு. .308 என்று பெயர் இருந்து என்ன, அந்தத் தோட்டாவுக்கு ரே மான்கூட அனுமதி இல்லை. துப்பாக்கி அதேதான், தோட்டாவை மாற்றியதும் விலங்குப் பட்டியல் மாறிவிட்டது. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள் என்று தலைப்பில் போட்டது இதற்காகத்தான்.

குளம்பு இல்லாதவற்றுக்கு, அதாவது நரி, முயல், ரக்கூன் போன்றவற்றுக்கு, இந்த ஜூல் கணக்கு இல்லை. ரவையும் ஆகலாம், .22 சிறு தோட்டாவும் ஆகலாம். சிறிசு என்று அலட்சியம் வேண்டாம். அந்தச் சிறு தோட்டாவின் பெட்டியிலேயே ஒன்றரைக் கிலோமீட்டர் வரை ஆபத்து என்று அச்சிட்டிருக்கும். பெரிய ரைஃபிள் குண்டுக்கு அது ஐந்து கிலோமீட்டர். பரணை உயரத்தில் கட்டுவது மானுக்கு மணம் போகாமல் இருப்பதற்காக மட்டுமல்ல. மேலிருந்து சுட்டால் தப்பிய குண்டு மண்ணில் இறங்கும். விலங்குக்குப் பின்னால் மண் தெரியவில்லை என்றால், மேட்டின் விளிம்பில் வானத்துக்கு எதிராக நிற்கிறது என்றால், பத்துக் கிளைக் கொம்புச் செம்மானாக இருந்தாலும் விரலை எடுத்துவிடுங்கள்.

கைத்துப்பாக்கியால் வேட்டையாடக் கூடாது. வளைக்குள்ளோ பொறிக்குள்ளோ உள்ள விலங்குக்கும், அடிபட்டுக் கிடப்பதன் துன்பத்தை முடிக்கும் கடைசிக் குண்டுக்கும் மட்டும் இடமுண்டு. அந்தக் கடைசிக் குண்டு குளம்பு விலங்குக்கு என்றால் குழல் வாயில் 200 ஜூலாவது வேண்டும். தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளில் குழலிலும் கூட்டிலும் சேர்த்து மூன்றுக்கு மேல் தோட்டா இருக்கக் கூடாது.

எங்கே, எப்போது

சரியான தோட்டாவும் அட்டையும் இருந்தாலும் நிலம் இல்லையென்றால் நீங்கள் சுடும் தளத்துக்குத்தான் போக முடியும். ஜெர்மனியில் வேட்டை உரிமை மண்ணோடு ஒட்டியது. ஒருவருக்கே 75 ஹெக்டேர் சேர்ந்தாற்போல் இருந்தால் அவருடைய தனி வேட்டை நிலம். சிறு உடைமையாளர்களின் நிலங்கள் ஊர்ப் பொது வேட்டை நிலமாகச் சேரும், அது குறைந்தது 150 ஹெக்டேர். அவற்றைப் பெரும்பாலும் ஒன்பது ஆண்டுக் குத்தகைக்கு விடுகிறார்கள். ஜெர்மனியில் மூன்று ஆண்டு யாக்ட்ஷைன் வைத்திருந்தால்தான் குத்தகை எடுக்கவே முடியும். ஆகவே புதியவருக்கு வழி, குத்தகைக்காரரிடம் எழுத்து அனுமதி வாங்குவது. பெகேயுங்ஸ்ஷைன் என்பார்கள். சிலர் பணம் கேட்பார்கள். சிலர் பரண் பழுதுபார்க்கவும் வேலி கட்டவும் ஆள் வேண்டும் என்பார்கள். நான் இரண்டாவது வகையில் நுழைந்தவன், சுத்தியல் பிடிக்கத் தெரிந்ததால்.

எல்லைக் கல்லைத் தாண்டிச் சுட்டால் அது வேட்டை இல்லை, திருட்டு வேட்டை. தண்டனைச் சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறை, இரவில் செய்தால் ஐந்து வரை. அடிபட்ட விலங்கு பக்கத்து நிலத்துக்குள் ஓடிவிட்டால் துப்பாக்கியோடு பின்னால் ஓடாதீர்கள். அங்குள்ள குத்தகைக்காரருக்குத் தொலைபேசி போடுங்கள்.

பருவங்களைக் கூட்டாட்சி விதி ஒன்று வரையறுக்கிறது. ரே மான் கிடாவுக்கு மே 1 தொடக்கம், செம்மானுக்கு ஆகஸ்ட், காம்ஸுக்கு ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15. ஆனால் 2006 அரசியல் சாசனத் திருத்தத்துக்குப் பிறகு மாநிலங்கள் வேட்டைச் சட்டத்தில் தம் விருப்பப்படி விலகலாம், விலகியும் இருக்கின்றன. ஈயக் குண்டுக்கும் இதே கதைதான். சில மாநிலங்களில் குளம்பு விலங்குக்கு ஈயம் கூடாது. ஈரநிலங்களில் ஈய ரவை பிப்ரவரி 2023 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை. செப்புக் குண்டுக்கு இப்போதே மாறிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை, மாறியதும் ரைஃபிளைத் தளத்தில் புதிதாகக் குறிசரி செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இருட்டு நேரம் என்பது சூரியன் மறைந்த ஒன்றரை மணி நேரத்துக்குப் பின்னிருந்து உதிப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்வரை. அந்த நேரத்தில் குளம்பு விலங்குகளில் பன்றி ஒன்றையே சுடலாம். இரவுக்கண் கருவியைத் தூரதரிசினியின் முன்னோ பின்னோ பொருத்திக்கொள்ள ஆயுதச் சட்டம் 2020 முதல் வேட்டைக்காரருக்கு வழிவிட்டது. காட்டில் பயன்படுத்தலாமா என்பதை மாநிலம் சொல்லும். கடையில் விற்கிறார்கள் என்பது அனுமதி ஆகாது.

பன்றிக்கு இப்போது ஆண்டு முழுவதும் பருவம். 2020 செப்டம்பரில் பிராண்டன்பர்க்கில் முதல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கிடைத்ததிலிருந்து எல்லாரும் இன்னும் சுடுங்கள், இன்னும் சுடுங்கள் என்கிறார்கள். கேட்பதற்குத் தாராளமாக இருக்கும். ஆனால் குருளைகளை வளர்க்கும் தாய்க்குப் பருவமே கிடையாது. வேண்டுமென்றே சுட்டால் ஐந்து ஆண்டு வரை சிறை வரக்கூடிய குற்றம், சிறு அபராதம் இல்லை. நிலா வெளிச்சத்தில் சோளக்கொல்லை ஓரம் ஒரு பெரிய உருவம் தனியாக வந்து நிற்கும். தனி கைலர் என்று மனம் சொல்லும். பொறுங்கள். அதன் காலடியில் புல் முழங்கால் உயரம் இருந்தால் குருளைகள் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. பெரியவர் எனக்குச் சொன்னது சுருக்கம்: கூட்டம் வந்தால் சிறியதைச் சுடு, தனியாக வந்தால் ஆண் என்று உறுதியாகத் தெரியும்வரை சுடாதே.

சுட்ட பன்றியைச் சமைப்பதற்கு முன் டிரிக்கினெல்லா புழுச் சோதனை கட்டாயம். பவேரியாவின் சில காடுகளில் 1986 செர்னோபில் விபத்தின் சீசியம் இன்னும் காளானில் ஏறிப் பன்றிக்குள் போகிறது. கிலோவுக்கு 600 பெக்கரலைத் தாண்டிய இறைச்சியை விற்க முடியாது.

பெட்டகம், வண்டி, ஒயின்

2009 மார்ச் 11 அன்று வின்னெண்டனில் ஒரு பதினேழு வயதுப் பையன் தன் பழைய பள்ளியில் தொடங்கிப் பதினைந்து பேரைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கி அப்பாவுடையது, சுடுதல் விளையாட்டுக்காக வாங்கியது, படுக்கையறையில் பூட்டாமல் கிடந்தது. அந்த ஆண்டே சட்டம் மாறியது. சந்தேகம் எதுவும் இல்லாமலேயே அலுவலர்கள் வந்து பெட்டகத்தைப் பார்க்கலாம். எங்கள் வீட்டுக்கு அவர்கள் வந்தது தீபாவளிக்கு முந்தின நாள். அடுப்பில் முறுக்கு, ஹாலில் விருந்தினர், வாசலில் மாவட்ட அலுவலகத்து அடையாள அட்டையோடு இருவர். மனைவி அவர்களை உட்காரச் சொன்னாள். அவர்கள் கேட்ட முதல் கேள்வி எனக்கு இல்லை, அவளுக்கு: "பெட்டகத்தின் எண் உங்களுக்குத் தெரியுமா?" தெரியாது என்றாள். உண்மையாகவே தெரியாது. தெரிந்திருந்தால் அதுவே என்மேல் குற்றம், அவளிடம் அட்டை இல்லையே.

2017 ஜூலைக்குப் பிறகு வாங்கும் பெட்டகம் ஐரோப்பியத் தரம் 1143-1, எதிர்ப்பு வகுப்பு 0 அல்லது 1 என்று உள்ளே தகடு அடித்திருக்க வேண்டும். 0 வகுப்பில் நீளத் துப்பாக்கிக்கு எண்ணிக்கை வரம்பில்லை. பெட்டகம் 200 கிலோவுக்குக் குறைந்தால் கைத்துப்பாக்கி ஐந்து வரை. சாவிப் பூட்டு வேண்டாம், எண் பூட்டு வாங்குங்கள். 2023 ஆகஸ்டில் மூன்ஸ்டர் மேல்நிலை நிர்வாக நீதிமன்றம் ஒரு வழக்கில் சாவியையும் அதே தரப் பெட்டகத்தில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. சாவிக்கொரு பெட்டகம், அந்தச் சாவிக்கு இன்னொரு பெட்டகம் என்று போனால் முடிவே இல்லை.

வேட்டைக்குப் போகும் வழியில் தோட்டா ஏற்றாத துப்பாக்கியை உடன் கொண்டுபோகலாம். சுடும் தளத்துக்கோ பழுதுபார்க்கவோ என்றால் பூட்டிய பை. நான் எப்போதுமே பூட்டிய பைதான். கடவுச்சீட்டு அல்லது அடையாள அட்டை, யாக்ட்ஷைன், ஆயுத அட்டை மூன்றும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். 2022 ஜனவரி 31 அதிகாலை கூசல் அருகே வண்டிச் சோதனைக்கு நிறுத்திய இரண்டு இளம் காவலர்களைத் திருட்டு வேட்டைக்காரன் ஒருவன் சுட்டுக் கொன்றான். அவன் வண்டி நிறைய மான். அதற்குப் பிறகு இரவில் காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தும் காவலருக்குப் பதற்றம் இருக்கத்தான் செய்யும். உள்விளக்கைப் போட்டு, கைகளை ஸ்டியரிங்கில் வைத்து, பின்னால் துப்பாக்கி இருக்கிறது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். நம் தோலுக்கு இந்தப் பழக்கம் இன்னும் அவசியம்.

குடி. ஒரு வேட்டைக்காரர் இரண்டு கோப்பை சிவப்பு ஒயினும் ஒரு வோட்காவும் குடித்துவிட்டுப் போய் ஒரு ரே மானைச் சுட்டார். ஒரே குண்டில் சரியாக விழுந்தது, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. வண்டிச் சோதனையில் மூச்சில் தெரிந்தது. 2014 அக்டோபரில் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் அவருடைய ஆயுத அனுமதியைப் பறித்தது சரி என்றது. வேட்டை முடிந்து துப்பாக்கி பெட்டகத்துக்குள் போன பிறகு குடியுங்கள்.

விற்கும்போது

ஊர் திரும்புவதாலோ, என்னைப் போல் தப்பானதை வாங்கிவிட்டதாலோ, ஒருநாள் துப்பாக்கியை விற்க வேண்டி வரும். வாங்குபவரின் யாக்ட்ஷைனை அசலாகவே கையில் வாங்கித் தேதி பாருங்கள், படம் அனுப்பினால் ஏற்காதீர்கள். விற்றவர், வாங்கியவர் இருவருமே இரண்டு வாரத்துக்குள் தத்தம் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். 2013 முதல் எல்லாம் தேசிய ஆயுதப் பதிவேட்டில் ஏறுவதால் ஒருவர் சொல்லி மற்றவர் சொல்லாமல் விட்டால் உடனே தெரிந்துவிடும். என் .243-ஐ ரே மான் மட்டுமே உள்ள நிலத்தில் வேட்டையாடும் ஓர் இளம் பெண் வாங்கினார். கடை மேசையில் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் அவர் தோட்டாப் பெட்டியை எடுத்துப் பக்கவாட்டைத் திருப்பினார். மாவட்ட அலுவலகத்தில் என் பச்சை அட்டையின் முதல் வரியில் கோடு போட்டு, முத்திரை குத்தி, அடுத்த வரியில் .308 என்று எழுதித் தந்தார்கள்.